ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

கேபி அக்காவின் கடைக்கு யார் போனாலும் முதலில் கையில் ஒரு ஒயரைக் கொடுத்துவிடுவாள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே ஒயர். இன்டர்நெட்டுக்குப் போகிற நீல நிற ஒயரைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, அதன் முனையை வந்தவர் கையில் திணிப்பாள்.

"இதைப் பிடிச்சுக்கோங்க. நான் கேக்கிற வரைக்கும் கீழ வெக்கக் கூடாது."

வந்தவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு பிடித்திருப்பார். அதற்குப் பிறகுதான் அக்கா அவருடைய போட்டோவைத் திறப்பாள். போனில் எடுத்த படம் நாலாயிரம் கேபி, அதாவது கிலோபைட், இருக்கும். விண்ணப்பம் கேட்பதோ ஐம்பது கேபி. யானையைப் பெட்டிக்குள் படுக்க வைக்கிற வேலை. அக்கா அதைச் செய்வாள். ஓரத்தை வெட்டுவாள், அளவைக் குறைப்பாள், கண்ணும் மூக்கும் கெடாமல் படத்தைச் சுருக்குவாள். சுருக்கி முடித்ததும் பெரிய படத்தை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, திரையைத் திருப்பிக் காட்டுவாள். "பாருங்க, சின்னப் படம் ஒண்ணுதான் இருக்கு. சரியா? இப்ப குடுங்க ஒயரை." அப்புறம்தான் விண்ணப்பம் போகும்.

"என்னக்கா, ஒயர்ல கரண்ட் வருமா?" என்று கேட்காதவர்கள் கிடையாது. "வந்தா சொல்லுங்க, பில்லு மிச்சம்" என்பாள். பதினைந்து வருடமாக அதே கேள்வி, அதே பதில். "எத்தனை கேபி கேட்டிருக்காங்க?" என்று கடையில் அவள் எல்லோரையும் கேட்பதால், அம்மா அப்பா வைத்த பெயர் போன இடம் தெரியவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். கடை போடுவதற்கு முன் அக்கா ஒரு ஸ்டுடியோவில் பதினோரு வருடம் இருந்தாள். முகப்பரு அழிப்பது, கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தை எடுப்பது, கோணிய காலரை நிமிர்த்துவது, இதுதான் வேலை. படத்தைச் சுருக்கித் தருகிற இலவச இணையதளம் ஒன்றை முதலாளி காட்டிக் கொடுத்தார். படத்தை ஏற்ற வேண்டியது, 'சம்மதம்' என்ற கட்டத்தைத் தட்ட வேண்டியது, சின்னப் படம் வந்துவிடும். எவ்வளவு சுலபம்! அக்கா அந்தக் கட்டத்தை ஆயிரம் தடவையாவது தட்டியிருப்பாள். அதற்கு மேலே எழுதியிருந்ததை ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

வங்கி வேலைக்கு மனுப் போட வந்த ஒரு பெண்ணின் படமும் அப்படித்தான் போனது. கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு, சிரித்த முகம். எட்டு மாதம் கழித்து அந்தப் பெண் ஒரு நோட்டீஸோடு வந்து நின்றாள். எடை குறைக்கிற பொடிக்கான விளம்பரம். வலது பக்கம் 'சாப்பிட்ட பின்' என்று யாரோ ஒரு ஒல்லிக்குச்சி. இடது பக்கம் 'சாப்பிடும் முன்' என்று இவள்!

"அக்கா, இந்தப் படத்தை நான் உங்ககிட்ட மட்டும்தான் குடுத்தேன்" என்றாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. அக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்தத் தளத்தின் நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து படித்தாள். ஏற்றப்படும் படங்களை நாங்கள் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்துவோம் என்று அதில் பச்சையாகவே எழுதியிருந்தது. சம்மதம் கொடுத்தது யார்? அக்காதான், அடுத்தவள் முகத்துக்கு. அந்த வாரமே ஸ்டுடியோவை விட்டாள். நூலகம் ஒன்று கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டரை வாங்கிக் கடை போட்டாள். அன்றைக்குப் பிடுங்கிய ஒயர்தான் அது; முனை வந்தவர் கையில் இருக்கிற வரை அவர் முகம் எங்கேயும் போகாது.

கடை இருக்கிற அதே தெருவில், நான்கு கட்டடம் தள்ளி, செவிலியர் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் கிளை அலுவலகம் இருக்கிறது. முப்பது ஊர்ப் பயிற்சி நிலையங்களுக்கும் சேர்த்து ஒரே தேர்வுப் பட்டியல். ஆள் மாறாட்டம் நடக்கக் கூடாது என்பதற்காக அதில் விண்ணப்ப எண்ணும் படமும் மட்டும் போடுவார்கள். பெயர், ஊர் எதுவும் இருக்காது. ஆனால் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

அந்த வருடம் புதிதாக வந்த சேர்க்கை அலுவலருக்குச் சுறுசுறுப்பு கொஞ்சம் கூடுதல். கடைக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் படம் அனுப்புவது அவருக்குப் பிடிக்கவில்லை. உத்தரவு போட்டார். இனி எல்லாப் படமும் அவர் சொல்கிற ஒரே இணையதளத்தில்தான் சுருக்கப்பட வேண்டும். விண்ணப்பதாரரின் முகவரியையும் போன் நம்பரையும் அங்கேயே பதிய வேண்டும். ஒத்துக்கொள்கிற கடைக்கு அலுவலகத்தின் பச்சை அட்டை. அட்டை இல்லாத கடையிலிருந்து வருகிற விண்ணப்பம் செல்லாது.

எதிர்க் கடைக்காரர் அன்றைக்கே பச்சை அட்டையை வாங்கி மாட்டிவிட்டார். அவர் கடைப் பலகையில் 'மின்னல் வேகம்' என்று இருக்கும், அதனால் தெருவுக்கே அவர் மின்னல். ஆள் கெட்டவர் இல்லை, வாய்தான் நீளம். "அக்கா, அட்டை வாங்கலையா? ஒயரை வித்துட்டு வாங்கிக்கலாமே!" என்று தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தார். வரிசை முழுக்க அவர் கடைக்குப் போய்விட்டது. அக்கா ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலையில் தையல்காரம்மா வந்தாள், மகளோடு. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவும் பெண்ணுமாக இரண்டு பையோடு இந்த ஊருக்கு வந்தவர்கள். மருத்துவமனைச் சீருடை தைப்பவள். ஏன் வந்தார்கள் என்று அக்கா கேட்டதில்லை. அன்று அவளே சொன்னாள்.

"எதிர்க் கடைக்குப் போக பயமா இருக்குக்கா. வீட்டு அட்ரஸ் கேக்கறாங்களாம்."

"அட்ரஸ் குடுத்தா என்ன?"

தையல்காரம்மா மகளைப் பார்த்தாள். மகள்தான் பதில் சொன்னாள். "அப்பா தேடிக்கிட்டிருக்காரு. ஒரு தடவை கண்டுபிடிச்சு வந்துட்டாரு. அம்மாவுக்குக் கை உடைஞ்சது அப்பதான். நான் நர்ஸுக்குப் படிக்க ஆசைப்பட்டது அவருக்குத் தெரியும். லிஸ்ட் வந்தா ஒவ்வொரு முகமாப் பாப்பாரு."

"முகத்தைப் பாத்தா ஊர் எப்படித் தெரியும்?"

"அவருக்குச் செல்போன் ரிப்பேர்தான் தொழில்" என்றாள் தையல்காரம்மா. "படத்துக்குள்ள எதுவும் இருந்தா நோண்டி எடுத்துடுவாரு. உள்ள எதுவும் இருக்காதுன்னு நீங்க சொல்லுங்கக்கா, நாங்க போட்டுடறோம். இல்லன்னா இவ படிப்பு வேணாம். உயிரோட இருந்தாப் போதும்."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மதிப்பெண் பட்டியலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், அவ்வளவும் தொண்ணூறுக்கு மேல்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, ஒரு காரியம் செய்தாள். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு முகத்தைப் படம் சுருக்குகிற இணையதளத்துக்குக் கொடுத்தாள், அவளுடைய சொந்த முகத்தை. அலுவலர் சொன்ன அதே தளம். அவள் முகவரி, அவள் போன் நம்பர். நாற்பத்தெட்டு கேபியில் படம் திரும்பி வந்தது. அதை இறக்கி, ஒயரைப் பிடுங்கிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தாள்.

எல்லாப் படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள் இருக்கும். எந்த போன், என்ன நேரம், சில சமயம் எந்த இடம் என்பது வரைக்கும். அக்கா வழக்கமாக அதையெல்லாம் துடைத்துவிடுவாள். இந்தத் தளம் ஒன்றையும் துடைக்கவில்லை. துடைக்காதது போதாதென்று, பதிந்த வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் படத்துக்குள்ளேயே எழுதியிருந்தது! அதற்கும் அடியில் இன்னொன்று. வெட்டுவதற்கு முன்பிருந்த முழுப் படத்தின் குட்டி நகல். அக்கா தன் முகத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தாள். நகலிலோ பின்னால் கொடியில் காய்கிற அவள் வீட்டுக்காரரின் கிழிந்த பனியன் வரைக்கும் இருந்தது.

"அடப்பாவிகளா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பள்ளி வேன் ஓட்டுகிற வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பனியனைப் பார்த்துத்தான் முதலில் அதிர்ந்தார். பிறகு சொன்னார், "ஆபீஸர்கிட்ட போய் மோதாத. நாளைக்கு நம்ம கடையையே மூடச் சொல்லிட்டா?"

"இப்ப மட்டும் என்ன திறந்தா கிடக்கு? வரவன் இல்ல, போறவன் இல்ல."

"உனக்கெதுக்கு ஊர் வம்பு?"

"ஒருத்திகிட்ட பதில் சொல்ல முடியாம நின்னேனே, அது போதும் எனக்கு. இன்னொரு தடவை நிக்க மாட்டேன்."

அவர் மறுநாள் காலை வேனை அலுவலக வாசலிலேயே நிறுத்தி அவளை இறக்கிவிட்டார். "வெளியிலயே நிக்கறேன். சத்தம் கேட்டா உள்ள வந்துடுவேன்" என்றார். அது ஒரு தைரியம்.

அலுவலகத்தில் கூடம் கொள்ளாத கூட்டம். கடைசி நாள் வேறு. அதோடு ஒரு புதுத் தலைவலி. 'முகம் தெளிவில்லை' என்று எக்கச்சக்கமான விண்ணப்பங்கள் திரும்பியிருந்தன. தகப்பன்மாரும் தாய்மாரும் அலுவலரைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மின்னலும் ஒரு கட்டுக் காகிதத்தோடு வியர்த்துப்போய் நின்றார். அவர் அனுப்பியதுதான் பாதி.

"நீங்க யாரும்மா?"

"கம்ப்யூட்டர் கடை சார், நாலு கட்டடம் தள்ளி."

"ஓ! ஒயர் குடுக்கிறவங்களா?" என்றார் அலுவலர். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மின்னல் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"அதே ஆள்தான் சார். படம் ஏன் மங்கலா வருதுன்னு சொல்லட்டுமா? ரெண்டே நிமிஷம்."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அப்போது அங்கிருந்த அத்தனை பேருக்கும் வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

கூடத்துக் கம்ப்யூட்டர் முன்னாலிருந்த அலுவலரின் நாற்காலியில் உட்கார்ந்து அக்கா தன் முகத்தின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று தளம் சுருக்கியது, ஒன்று அவள் சுருக்கியது. இரண்டும் நாற்பத்தெட்டு கேபி. ஒன்றில் அவள் முகம் பனிமூட்டத்தில் நின்றது. மற்றதில் புருவத்து முடியை எண்ணலாம்.

"நமக்குக் கிடைச்சிருக்கிறது ஐம்பது கேபிதான் சார், சின்னப் பை. அதுல பாதியை வேற ஏதேதோ அடைச்சுக்கிட்டிருக்கு. முகத்துக்கு இடம் எங்க இருக்கு? வேண்டாததை வெளிய எறிஞ்சா அந்த இடம் பூரா முகத்துக்கு வந்துடும். அவ்வளவுதான் விஷயம்."

"அப்படி என்ன அடைச்சிருக்கு?"

பிரித்துக் காட்டினாள். தன் முகவரி, தன் போன் நம்பர், கிழிந்த பனியன். அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். "இது உங்க படம். அட்டை கிடைக்காத கோபத்துல நீங்களே ஏதாவது பண்ணியிருக்கலாமே."

பின்னால் யாரோ "அதானே" என்றார்கள். அக்காவுக்குக் காது சிவந்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

"சரி சார். நான் தொடாத படமா ஒண்ணு பாத்துடலாமா?"

அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். 'விண்ணப்பதாரர்களுக்கு வணக்கம்' என்ற எழுத்துக்குக் கீழே அலுவலரின் படம். புதுத் தளத்தை முதலில் சோதித்துப் பார்த்தவர் அவரேதான், தன் படத்தை வைத்து. அக்கா அதை இறக்கினாள். திறக்கப் போனவள் கையை எடுத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் பின்னால போங்க. சுவர் வரைக்கும் போங்க. இது சார் மட்டும் பாக்க வேண்டியது."

கூட்டம் முணுமுணுத்தது. மின்னலுக்குக் கழுத்து ஒரு முழம் நீண்டது. "ஏன், நாங்க பாத்தா என்னவாம்?" என்றார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள், அவரும் சுவரோரம் போனார். கூட்டத்தின் கண்ணில் படாதபடி திரையைத் திருப்பினாள். கம்ப்யூட்டரின் பின்னால் கையை விட்டு ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"சார், இதைப் பிடிச்சுக்கோங்க."

அலுவலர் என்ன ஏதென்று யோசிக்காமல் வாங்கிப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் அவருடைய வீட்டு முகவரி வந்தது, கதவு எண்ணோடு. பிறகு சொந்த போன் நம்பர். அலுவலர் முன்னால் குனிந்தார். அக்கா மூன்றாவதைத் திறந்தாள். அவர் ஏதோ ஒரு பெரிய படத்திலிருந்து தன்னை மட்டும் வெட்டி எடுத்து அங்கே போட்டிருந்தார். வெட்டிப் போட்ட மிச்சம் அத்தனையும் உள்ளே இருந்த குட்டி நகலில் அப்படியே இருந்தது.

அலுவலர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதை... யார் யார் பாத்திருப்பாங்க?"

"தேடத் தெரிஞ்சவங்க யார் வேணும்னாலும் பாத்திருக்கலாம் சார், மூணு வாரமா. நான் இப்பதான் பாத்தேன். பாத்ததை மறந்தும் போயிட்டேன்." படத்தை அழித்தாள், தொட்டியைக் காலி செய்தாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "உங்களுக்கு ஒரு சங்கடம், அவ்வளவோட போச்சு. ஒரு பொண்ணு இருக்கா, யாருன்னு கேக்காதீங்க. அவ அட்ரஸ் இப்படிப் படத்துக்குள்ள போச்சுன்னா அடுத்த நாள் அவ வீட்டு வாசல்ல ஒருத்தன் வந்து நிப்பான். அவளுக்கு மார்க் தொண்ணூறுக்கு மேல சார். பயந்துக்கிட்டு மனுவே போடாம இருக்கா."

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"தப்பு என்னுதுதான். அந்த உத்தரவு இந்த நிமிஷத்தோட ரத்து. கடைசி நாள் இன்னும் மூணு நாள் தள்ளிப் போகுது, மேலிடத்துல நான் பேசிக்கறேன். இதுவரைக்கும் வந்த எல்லாப் படத்தையும் சுத்தம் பண்ணித்தான் பட்டியலுக்கு அனுப்புவோம்." அக்கா பக்கம் திரும்பினார். "எப்படிப் பண்ணணும்னு நீங்க சொல்லிக் குடுப்பீங்களாம்மா?"

"சொல்லித் தரேன் சார். முதல்ல அந்த ஒயரைக் குடுங்க."

அப்போதுதான் தான் இன்னும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கே தெரிந்தது. கூடம் அதிரச் சிரித்தது. அலுவலரும் சிரித்தார். சத்தம் கேட்டுச் சண்டைதான் என்று நினைத்து வேன்காரர் உள்ளே பாய்ந்து வந்தார். வந்தவர், தன் மனைவி அலுவலரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே வாசலோடு நின்றார். அந்த முகத்தைப் படம் எடுத்து வைக்காமல் போனோமே என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அடுத்த மூன்று நாள் அந்தக் கூடத்தில் நடந்ததைத் தெருவே பேசியது. நானூற்றுச் சொச்சம் படங்கள். நான்கு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒயரின் முனையைப் பிடித்தபடி ஒரு விண்ணப்பதாரர். மங்கலாகத் திரும்பிவந்த முகங்களெல்லாம் பளிச்சென்று கண் திறந்தன. இரண்டாம் நாள் மின்னல் வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன மின்னலு, ஒயர் வாங்க வந்தீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. அந்தத் துடைக்கிற வித்தையைக் கொஞ்சம் மெதுவாக் காட்டுங்க. என் பொண்ணு படமும் அதுலதான் போச்சு."

அக்கா கிண்டலை அந்த இடத்திலேயே நிறுத்தினாள். மெதுவாக, மூன்று தடவை காட்டினாள். அதற்கப்புறம் மின்னல் கடையிலும் ஒரு ஒயர் தொங்கியது, அவருடையது சிவப்பு. அந்தத் தளக்காரர்களுக்கு அலுவலர் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. அக்கா அதை நம்பவில்லை. ஆனால் தையல்காரம்மா மகளின் படம் அங்கே போகவே இல்லை, அக்கா கையால் சுருக்கி நேரே அலுவலகத்துக்குத்தான் போனது, அது போதும்.

அலுவலரின் படத்தில் வெட்டிப் போட்ட பக்கம் என்னதான் இருந்தது? இதைக் கேட்டுக் கேட்டு வேன்காரர் அலுத்துப்போனார். "என்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்பார். "எந்தப் படம்?" என்று அக்கா திருப்பிக் கேட்பாள். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. உங்களுக்கும் அதேதான் கிடைக்கும், போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஏழு வாரம் கழித்து, ஒரு காலை நேரம், பட்டியல் வெளியானது. அக்கா கடையைத் திறப்பதற்கு முன்பே தையல்காரம்மாவும் மகளும் படியில் நின்றார்கள். மூவரும் திரையில் முகங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனார்கள். பதினேழாவது இடத்தில் அவள் இருந்தாள். வெள்ளைச் சட்டை, இழுத்துக் கட்டிய தலைமுடி, நேராகப் பார்க்கிற கண்கள். முப்பது ஊருக்கும் சேர்த்துப் பதினேழாவது!

பெண் "அம்மா!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரம்மா சிரிக்கவில்லை. அவள் கண் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய அந்தப் படத்தை அவளும் இறக்கினாள். ஒயரைப் பிடுங்கித் தையல்காரம்மா கையில் கொடுத்தாள். படத்தைப் பிரித்தாள். இடம், நேரம், போன், முகவரி என்று வரிசையாக இருக்க வேண்டிய கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், கடைசி வரை போய்ப் பார்த்தாள்.

"உள்ள என்ன இருக்குக்கா?" என்றாள் தையல்காரம்மா.

"உங்க பொண்ணு இருக்கா" என்றாள் அக்கா. "நாற்பத்தொன்பது கேபி. பூரா அவ மட்டும்தான்."

தையல்காரம்மா ஒயரை இரண்டு கையாலும் பிடித்தபடி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அக்கா ஒயரைத் திருப்பிக் கேட்க அன்றைக்கு ரொம்ப நேரம் ஆனது.